கோட்டுக்குப் பிரஷர் பார்த்த சனிக்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு சீனத் திருச்சபை சனிக்கிழமைகளில் இலவசமாகப் பிரஷர் பார்த்தது. வருகிறவர்கள் தேநீருக்கு இருந்தால் சுவிசேஷமும் கேட்பார்கள் என்பது போதகரின் எண்ணம். நேர்ஸ் என்பதால் என்னையும் பிடித்துவிட்டார்கள். என் வீடு நகரத்தின் மறுகோடியில், ரானுயியில். அங்கிருந்து போவதென்றால் சும்மாவா? "உனக்கென்ன விசரே?" என்று என் மனுஷன் ஒவ்வொரு சனியும் கேட்பார். நானும் வேதக்காரி. ஊழியத்துக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஹொங்கொங்கிலிருந்து வந்த ஓர் அம்மா தவறாமல் வருவார். தன் கையை நீட்டி முடித்ததும், கணவருக்கும் பார்க்கவேண்டும் என்பார். "ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ" என்று மொழிபெயர்க்கும் பெண்ணிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

தன் ஞானஸ்நானத்துக்கு முதல்நாள், அந்த அம்மா பக்கத்துக் கதிரையில் ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றை இருத்தினார். மனுஷன் கழிவறைக்குப் போயிருப்பார் என்று காத்திருந்தேன். வரிசை நீண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆள் எங்கே?"

மொழிபெயர்க்கும் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அவர் போன குளிருக்கே செத்துப்போனார். நோயாளியளுக்கு முன்னால சாவைக் கதைக்கிறது எங்களுக்கு ஆகாது. அதுதான் சொல்லேல்ல."

இத்தனை வாரமும் செத்தவரையா கூட்டிவரச் சொன்னேன்?

மிச்சத்தையும் அந்தப் பெண்தான் சொன்னாள். ஞானஸ்நானம் எடுத்தால் செத்த கணவரின் படத்துக்குச் சோறு வைக்கக்கூடாது என்று போதகர் சொல்லியிருந்தார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றால் நிறுத்திவிடலாம். இன்னும் கூடவே இருக்கிறார் என்றால் பட்டினி போடுவதா? அதை நான் பார்த்துச் சொல்லவேண்டும் என்றுதான் அந்த அம்மா வந்திருந்தார்.

போதகர் பின்னால் வந்து நின்றார். ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். கோட்டின் வெறுங்கையில் பட்டியைச் சுற்றினேன். காற்றடித்தேன். துவண்டு விழவேண்டிய துணி, உள்ளே கை இருப்பதுபோல் இறுகியது. பாதரசம் மெல்ல இறங்கியது. ஓர் இடத்தில் துடித்தது. காதில் மாட்டிய ஸ்டெதஸ்கோப்பில் டக், டக் என்று தெளிவாகக் கேட்டது. என்னுடைய நாடியாகத்தான் இருக்கவேண்டும். கர்த்தரே, அது என்னுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு பயம்.

அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷ வேலைப் பழக்கம், வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு. சாப்பாட்டில உப்பைக் குறைக்கச் சொல்லுங்கோ."

அம்மா தலையாட்டினார். கோட்டை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமைக்கப் போய்விட்டார். ஞானஸ்நானத்துக்கு வரவேயில்லை.