சிவப்புக் கொடியும் சோற்றுப் பொட்டலமும்

அவர் நின்றுகொண்டே சோறு சாப்பிடுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பினாங்கு ரோட்டில், பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் டிராம் திரும்பும் வளைவில் கொடி காட்டுகிறவர் அவர். நெடிய கழுத்து, வெயிலில் வெளுத்த காக்கிச் சட்டை. டிராம் வரும்போது சிவப்புக் கொடியை நீட்டி, குறுக்கே போகிறவர்களை நிறுத்துவது அவர் வேலை. அதனால் சாப்பிடும்போதும் கொடி இடது கையில்தான். சோற்றுப் பொட்டலம் பக்கத்துக் கடையின் சன்னல் விளிம்பில் இருக்கும்.

மறுநாளே முனிசிபாலிட்டிக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு போய் அவரிடம் வாசித்துக் காட்டினேன். அந்த வளைவில் மின்சார மணி வைக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

“மணி அடிக்கும், சரி. காது கேக்காத கிழவியை மணியா கையைப் புடிச்சு இழுக்கும்?” என்றார் மென்றபடியே.

அந்த வரியை நீக்கி, சம்பளத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எழுதினேன். “ஆள் வர்ற வரைக்கும் மத்தியானத்துல கொடியை நான் பிடிக்கிறேண்ணே.”

“வேணாம் தம்பி. நீ சும்மா பிடிச்சா, அப்புறம் சம்பளத்துக்கு ஆள் எதுக்குன்னு கேப்பாங்க.”

அதற்குள் ஒரு டிராம் வந்துவிட்டது. அவர் கொடியோடு தெருவில் இறங்கினார். திரும்பி வந்தபோது பொட்டலத்தில் ஒரு காக்கை.

“டிராம் வர்ற நேரம் அதுக்கு அத்துப்படி,” என்று சிரித்தார். அவருக்கு ஏன் கோபமே வரவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை மனுவை நேரில் கொடுத்து, அதிகாரியையும் அந்த வளைவுக்குக் கூட்டி வரப் போகிறேன். சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு. மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொள்ளும்.