சிவப்புக் கோடு விழுந்தால் பேசுகிறவர்

எங்கள் சித்தப்பா ஒரு நாள் கீபோர்டைத் தொடாவிட்டால் விமானம் பறக்காது, கடலில் அலை அடிக்காது, சூரியனே லீவு போட்டுவிடும். நிஜத்தில் மாடி அறையில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்கு ஜாவா எழுதுகிறார். ரத்தச் சோதனை எண்களை ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு மாற்றும் புரோகிராம். அவ்வளவுதான்.

சித்தி பிரிந்து போய் இரண்டு வருடம். சாப்பாட்டுத் தட்டு மேலே போகும், காலியாகக் கீழே வரும்; மனுஷன் வரமாட்டார். புரோகிராமில் தப்பு என்று திரையில் சிவப்புக் கோடு விழுந்தால் மட்டும் வாய் திறப்பார், சுவரிடம். நான் வாசலில் நின்றால் என்னிடமும்.

அதனால் நேற்று அவர் குளிக்கப் போனபோது, எல்லா வகைப் பட்டியலையும் வாங்கிக்கொள்ளும், பல ஃபைல்கள் கூப்பிட்டு வேலை வாங்கும் அவருடைய பொது மெத்தடில் கை வைத்தேன். ஏழெட்டு எழுத்துதான் அழித்தேன். பன்னிரண்டு ஃபைலில் சிவப்பு. குளித்துவிட்டு வந்தவர் திரையைப் பார்த்துச் சுவரிடம் புலம்ப ஆரம்பித்தார்.

"முழு எண்ணும் எண்தானே சித்தப்பா? ஏன் ஏத்துக்க மாட்டேங்குது?" என்று கிளறினேன்.

"எண்தான். ஆனா முழு எண் பட்டியலை வெறும் எண் பட்டியல்னு உள்ள விட்டா, எவனாவது அதுல ஒன்றரையைப் போட்டுட்டுப் போயிடுவான். அதான் தப்பைப் பிடிக்கிற கம்பைலர் விடல."

இரண்டு நாளைக்கான பேச்சு! சந்தோஷமாக உட்கார்ந்தேன். அவர் முகம் வெளிறியிருந்தது.

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பலேன்னா நாளைக்கு என் இடத்துல வேற ஆளாம். காலையில நல்லாத்தான் ஓடுச்சு..."

மணி நாலே முக்கால். மெத்தடை விட்டுவிட்டு, அதைக் கூப்பிடுகிற இடங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். எழுந்து திரைப் பக்கம் போனேன்.

"அதையெல்லாம் விடுங்க சித்தப்பா. மெத்தட்லயே, ரெண்டாவது பட்டியலுக்கு ஒரு கேள்விக்குறி, பக்கத்துல எக்ஸ்டெண்ட்ஸ்னு ஒரு வார்த்தை போட்டா? இந்த வகையும் வரலாம், இதுல அடங்குறதும் வரலாம்னு ஆயிடுமில்ல?"

போட்டார். பன்னிரண்டு சிவப்பும் மறைந்தன. நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினார். பிறகு நாற்காலியை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

"கம்ப்யூட்டர் பாடத்துல எவ்வளவு வாங்கின?"

"நூத்துக்குப் பதினொண்ணு."

"பதினொண்ணு வாங்குன கழுதைக்கு ரெண்டாவது பட்டியல்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

நான் காலித் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"போன வாரம் நீ செமிகோலனை அழிச்சதும் அப்பவே கண்ணுல பட்டுடுச்சுடி. நீ இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு அரைமணி நேரம் தேடுற மாதிரி நடிச்சேன். இன்னைக்குத்தான் நிஜமாவே பயந்துட்டேன்."