சிங்கி ஆன்டனிக்கு அய்யா பேசி வைத்தது

அய்யாவை அடக்கம் செய்த மறுவாரம் அனிட்டா மதினி வீட்டுக்கு வந்தார். நான் அம்மாவுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"ஜெப்சி, எங்க மாமாவுக்கு உங்க அய்யா பேசி வச்சிருக்காருல்ல, அத எடுத்துக் குடு."

"என்ன பேசி வச்சாரு மதினி?"

"சாவு அறிவிப்புதான்."

அவருடைய மாமனார், ஜெரால்டு அண்ணனின் அப்பா, ஆன்டனி ராஜ். எங்கள் தெருவின் கடைசி வீடு. அய்யாவைவிட மூத்தவர், எங்களுக்குப் பெரியய்யா.

"பெரியய்யா தவறிட்டாங்களா? எப்ப?"

"இன்னும் இல்ல. கஞ்சி எறங்க மாட்டேங்குது. டாக்டரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. மாமாதான் கேட்டுட்டு வரச் சொன்னாரு, சந்தனம் பேசுனது பத்திரமா இருக்கான்னு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்காத."

அய்யாவின் பெயர் சந்தனம். பாம்பனில் மைக் செட் வைத்திருந்தார். அவருடைய அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போனவர்கள். அய்யாவும் ஒருமுறை போனார். ஆன்டனி பெரியய்யா ஓட்டிய போட். பாலம் தாண்டியதும் வாந்தி தொடங்கி, கரை திரும்பும்வரை நிற்கவில்லை. வலையை இழுக்க வேண்டியவன் வலைமேலேயே படுத்துக் கிடந்தான் என்று பெரியய்யா ஊர் முழுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அய்யா கடலில் காலை நனைத்ததில்லை. கோயில் திருவிழாவுக்கு மைக் கட்ட வந்தவரிடம் ஒயர் சுற்றப் போய், அதிலேயே தங்கிவிட்டார்.

புயல் என்றால் கரையில் அய்யாவின் குரல்தான். கடலுக்குப் போகாதே, போட்டை இழுத்துக் கட்டு. மீன்பிடி டோக்கன் கொடுக்கிறார்கள், சங்கக் கூட்டம், சப்பரம் புறப்படுகிறது. யாராவது இறந்தால் முதலில் கோயில் மணி, பிறகு அவர். ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு அக்காள்மடம் வரை போவார். பட்டப்பெயரை விடவே மாட்டார். ஞானஸ்நானப் பெயரை மட்டும் சொன்னால் யார் செத்தது என்று யாருக்கும் தெரியாது, கல்லறைத் தோட்டத்தில் பாதிரியாரும் குழி வெட்டுகிறவரும்தான் நிற்பார்கள் என்பார்.

குரல்வளையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். போன் செய்தால் எடுத்து, நகத்தால் போனின் மைக்கில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை.

மீதியைத் தம்பி ரூபஸ் சொன்னான். இப்போது மைக் செட்டை நடத்துவது அவன்தான்.

"ஆபரேசனுக்கு முன்னாடி ஆன்டனி பெரியய்யா வந்து அழுதாருக்கா. ஒங்குரல் போயிருச்சுன்னா எனக்கு எவன்டா சொல்லுவான்னு. அய்யா அங்கனயே உக்காந்து பேசிக் குடுத்தாரு. அது தெருவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எனக்கு, உனக்குன்னு ஆளாளுக்கு வந்துட்டாங்க."

"உயிரோட இருக்கிறவங்களுக்கா?"

"செத்தவுகளா வருவாக?"

"எங்க இருக்கு அதெல்லாம்?"

ஷெட்டில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினான். ஹார்ட் டிஸ்க் அதில் இல்லை. வீட்டு மீன் ஐஸ் பெட்டிக்குள் ஒரு பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தான். பை ஈரமாக இருந்தது. மீன் வாசம் அடித்தது.

"ரொம்பச் சூடாச்சுக்கா. டக்கு டக்குன்னு சத்தம் வேற. அதான் பெட்டியில ஐஸ் அள்ளிப் போட்டு உள்ள வச்சேன். கெட்டுப் போகாம இருக்குமேன்னு."

"இது என்ன சாளை மீனாடா?"

அவனுக்குத் தெரிந்தவரை, கெடப்போகிற பொருளைக் காப்பாற்ற ஐஸ்தான் வழி.

டிஸ்க்கைத் துடைத்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். ராமநாதபுரம் போய் ஒரு புதிய டிஸ்க்கும் இணைக்கும் ஒயரும் வாங்கி வந்தேன். காற்றுக் காலம், கரண்ட் நிலையாக இல்லை. ரூபஸ் மைக் செட் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தூக்கிக்கொண்டு வந்து லேப்டாப்புக்கும் டிஸ்க்குக்கும் கொடுத்தான். அதை ஒழுங்காகச் செய்தான்.

சாகப்போகிற டிஸ்க்கைத் திறந்து கோப்புகளைத் தேடக் கூடாது. தேடத் தேட அது இன்னும் கெடும். முதலில் அதில் உள்ளதை அப்படியே, ஒவ்வொரு துண்டாக, வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும். டிடிரெஸ்க்யூ என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும். எளிதாகப் படிக்க முடிவதை முதலில் எடுக்கும். சிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். எங்கெங்கே தாண்டியது என்று ஒரு சின்னக் கோப்பில் குறித்துக்கொள்ளும். பிறகு திரும்பி வந்து அந்த இடங்களை மட்டும் மறுபடி முயலும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம்.

எண்கள் ஓடின. டிஸ்க் தட்டியது. ஒரு தட்டு. சற்றுக் கழித்து இரண்டு. அறையில் உட்கார முடியவில்லை. பாலத்தடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

பெரும்பகுதி வந்துவிட்டது. ஆனால் எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பகுதி நாசமாகியிருந்தது. எனவே இரண்டாவது கருவி, போட்டோரெக். அது பெயர்களைப் பார்க்காது. பிரதியின் முதல் எழுத்திலிருந்து கடைசிவரை வாசித்து, ஒலிக்கோப்பு தொடங்கும்போது வரும் அடையாளத்தைத் தேடும். கிடைப்பதையெல்லாம் வெட்டி எடுத்து எண் போட்டு வைக்கும். அய்யா எதையும் சுருக்கிச் சேமித்ததில்லை. சுருக்கினால் குரலுக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கிறது என்பார். சுருக்காத கோப்பில் ஒரு துண்டு போனாலும் மீதி கேட்கும், அதனால் பிழைத்தேன்.

ஆயிரக்கணக்கில் வந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. நீளத்தை அளந்து பிரிக்கச் சொல்லி ஒரு கட்டளை எழுதினேன். நீளமானவை பாட்டுகள். குட்டையானவை அய்யா.

முதலில் புயல் எச்சரிக்கை. அடுத்தது சப்பரம். அதற்கடுத்து, அன்று காலை எங்களுக்கு இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ரொசாரி அக்கா இன்று இறைவனில் இளைப்பாறினார் என்றது அய்யாவின் குரல். முடிந்ததும் பின்னால் அவருடைய குரலே கேட்டது.

"ஏலே சந்தனம், எம்மருமவ பேர விட்டுட்டியே."

"நீ வேணும்னுதான் சொல்லலன்னு நெனச்சேன் தாயி."

இருவரும் சிரித்தார்கள். அய்யா தொண்டையைச் செருமிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். மருமகளோடு.

ஒவ்வொருவருக்கும் இரண்டு பேசியிருந்தார். நல்லடக்கம் இன்று மாலை என்று ஒன்று. நாளை மாலை என்று ஒன்று. எந்த நேரத்தில் சாவார்கள் என்று தெரியாதே. தெருவில் தினமும் பார்க்கிற ஆட்கள், வரிசையாக, அய்யாவின் வாயால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர் இல்லை. எதற்கு அழுவது என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா வாசற்படியில் நின்றார்.

"கொரலு போகப்போற நேரம். எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேச நேரமில்ல அந்த மனுசனுக்கு. ஊரு சாவெல்லாம் பேசிக்கிட்டிருந்தாரு."

சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒலியைக் குறைத்தேன்.

ஆன்டனி பெரியய்யாவின் 'நாளை மாலை' கிடைக்கவேயில்லை. 'இன்று மாலை' கிடைத்தது.

"பாம்பன் கிழக்குத் தெருவைச் சேர்ந்த, காலஞ்சென்ற சூசையின் மகனும், ஜெரால்டின் தந்தையுமான..."

பிறகு நிசப்தம்.

"...அவர்கள் இன்று இறைவனில் இளைப்பாறினார்."

படிக்க முடியாத இடத்தில் டிடிரெஸ்க்யூ பூஜ்யங்களை நிரப்பும். ஒலிக்கோப்பில் பூஜ்யம் என்றால் சத்தமின்மை. சரியாகப் பெயர் இருந்த இடம்.

டிஸ்க்கை மறுபடி மாட்டினேன். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னேன். ஓரத்தில் கொஞ்சம் கிடைத்தது, ஒரு மூச்சு அளவுக்கு. அதோடு டிஸ்க் சுற்றுவதை நிறுத்திவிட்டது. மறுபடி சுற்றவேயில்லை.

அனிட்டா மதினி காலையும் மாலையும் வந்து கேட்டார். "மாமா கண்ணத் தொறந்தா மொதக் கேள்வி அதான்."

வேறு எங்காவது அய்யா அந்தப் பெயரைச் சொல்லியிருப்பாரே என்று தேடினேன். திருவிழா அறிவிப்பு ஒன்று இருந்தது. சப்பர அலங்காரம் உபயம், சிங்கி ஆன்டனி குடும்பத்தார். பெரியய்யாவுக்கு வெயில் பட்டால் முகம் சிங்கி இறால் மாதிரி சிவந்துவிடும், அதனால் அந்தப் பெயர். அதை வெட்டி நிசப்தத்தில் ஒட்டினேன். பின்னால் பேண்டு வாத்தியம் கேட்டது. அய்யாவின் குரலிலும் திருவிழா இருந்தது.

ரூபஸ் கேட்டுப் பார்த்தான். "செத்தவரு சப்பரத்துல வாற மாதிரி இருக்குக்கா."

"அப்ப அந்த எடத்துல நீ சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். அய்யாவுக்கே நான்தான் சொல்லப் போனேன். பேரு வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல வரல."

உண்மைதான். அன்று டீக்கடை பாக்கர் மாமா மைக்கை அவன் கையிலிருந்து வாங்கி, மீதியைச் சொல்லி முடித்தார்.

நேரே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். பெரியய்யா கட்டிலில் சாய்ந்திருந்தார். உடம்பு இல்லை, கண் மட்டும் இருந்தது.

"கொண்டாந்துட்டியா?"

"கொஞ்சம் அழிஞ்சு போச்சு பெரியய்யா."

"ஐஸ்ல வச்சானாம்ல ஒந்தம்பி." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "நல்லவேளை உப்புப் போட்டுக் காயவைக்கல. போடு கேப்போம்."

போட்டேன். சூசையின் மகனும். ஜெரால்டின் தந்தையுமான. நிசப்தம்.

"எம்பேரு எங்க?"

"அதுதான் போயிருச்சு."

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னொருக்கா போடு."

போட்டேன். நிசப்தம் வந்ததும் அவர் சொன்னார்.

"சிங்கி ஆன்டனி."

சரியாகப் பொருந்தியது. அவர் வாயை மூடியதும் அய்யா, "அவர்கள் இன்று" என்று தொடர்ந்தார்.

அனிட்டா மதினி பதறிவிட்டார். "மாமா! என்ன வாய் இது?"

"நீ சும்மா இரு. எம்பேருதான? ஏத்தா ஜெப்சி, ஒங்கிட்ட மைக்கு இருக்கா?"

இருந்தது. அய்யாவினுடையது, பையில்தான் கிடந்தது. எதற்காக எடுத்துக்கொண்டு போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் முறை அதிகாரமாகச் சொன்னார், போட்டில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. அவருக்கே பிடிக்கவில்லை. அடுத்த முறை மெதுவாகச் சொன்னார். போதும் என்றார்.

கிளம்பும்போது கேட்டேன். "எல்லாத்துக்கும் பேசுனாரே பெரியய்யா. தனக்கு ஏன் பேசிக்கல? நானும் தேடிட்டேன்."

"நானுங் கேட்டேன். செத்தவனே வந்து சொன்னா எவன் நம்புவான் அண்ணேன்னான்." கண்ணை மூடிக்கொண்டார். "அவன் வாந்தி எடுத்தப்பவே சொன்னேன், நீ கரைக்குத்தான்டா லாயக்குன்னு."

சில நாள் கழித்து, விடிந்ததும் கோயில் மணி அடித்தது. அனிட்டா மதினி அழுத முகத்தோடு வந்தார்.

"இன்னைக்குச் சாயந்தரமே அடக்கம்னு வச்சுட்டோம்."

"சொந்தக்காரங்க வர வேணாமா மதினி?"

"அறிவிப்புல அப்படித்தான இருக்கு."

ரூபஸ் ஆட்டோவில் குழாயைக் கட்டினான். பெரியய்யா பெயர் சொன்னதை நிசப்தத்தில் ஒட்டிய கோப்பை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன். மெயின் ரோட்டில் போட்டதும் கடையில் நின்றவர்கள் டீயைக் குடிக்காமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாக்கர் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, போன மாசம் அடக்குனவன் பேசுறான். இன்னைக்கு அடக்கப் போறவன் நடுவுல பேரு சொல்றான். அப்ப இங்கன உசுரோட இருக்கிறது யாரு?"

வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆட்டோ அக்காள்மடம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அய்யாவின் குரல் காற்றில் வந்து வந்து போனது.

"என்னோடது அதுல இருக்கா?" அம்மா கேட்டார்.

"இல்லம்மா."

"நல்லாத் தேடுனியா?"

"தேடுனேன்."

அம்மாவுக்கு அவர் பேசவேயில்லையா, பேசியது படிக்க முடியாத இடத்தில் போய்விட்டதா. அதைச் சொல்ல எந்தக் கட்டளையும் இல்லை.

"நல்லது" என்றார் அம்மா. எதற்குச் சொன்னார் என்று முகத்தில் தெரியவில்லை. ஆட்டோ திரும்பி வந்து, தெருமுனையில் ரூபஸ் அதை நிறுத்தும்வரை, அவர் உள்ளே போகவில்லை.