அம்மா சொன்ன கடைசி எபிசோடு

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் எங்கள் குவாட்டர்ஸில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஊரே பார்த்த தொடர்களை வரிசைப்படுத்தி, பத்தாம் இடத்திலிருந்து முதலிடம் வரை வாரத்துக்கு ஒன்றாக, கடைசிக் காட்சியோடு ஒரு சேனலில் காட்டிக்கொண்டு வந்தார்கள். ஒன்றைக் காட்டி முடிப்பதற்குள் நாலு தடவை விளம்பரம் போட்டு உயிரை வாங்குவார்கள். அப்பா அசைய மாட்டார். சுரங்கத்து இயந்திரங்களின் இரைச்சலில் பாதிக் காதைக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். எனக்கு இங்கேயே வேலை கிடைத்து குவாட்டர்ஸும் கிடைத்த பிறகு, அவரும் அம்மாவும் என்னோடு இருக்கிறார்கள். அவர் வைக்கும் டிவி சத்தத்தில் அடுத்த தெருக்காரர்கள் தனியாக டிவி போட வேண்டியதில்லை.

"நம்மளது இன்னும் வரல பாரு. அப்போ மேல இருக்குது" என்பார் ஒவ்வொரு வாரமும்.

'நம்மளது' ஒரு குடும்பத் தொடர். பிழைப்புக்காக வெளியூர் போன கணவன், வாசல் விளக்கைப் போட்டுக் காத்திருக்கும் மனைவி. இவ்வளவுதான் கதை. இதை வருடக்கணக்கில் இழுத்தார்கள். நாங்களும் சளைக்காமல் பார்த்தோம்.

அப்பா பார்த்தார் என்று சொன்னால் அது முழு உண்மையில்லை. வாரம் ஒரு ஷிப்ட். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் தொடர் ஓடும் நேரம் அவர் சுரங்கத்தில் இருப்பார். எங்கள் சுரங்க டவுன்ஷிப் ஆண்கள் எல்லோருமே எந்தத் தொடரையும் ஓட்டை ஓட்டையாகத்தான் பார்த்தார்கள். ஓட்டையை அடைப்பது வீட்டுப் பெண்களின் பொறுப்பு. மறுநாள் காலை இட்லி வைக்கும்போதே அம்மா ஆரம்பித்துவிடுவாள். மாமியார் பேசினால் மாமியார் குரல், நாத்தனார் பேசினால் நாத்தனார் குரல். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு போய், மதியம் ஷிப்ட் பஸ்ஸில் அவிழ்த்துவிடுவார். அம்மாவின் கதைக்கு அந்த பஸ்ஸில் தனி மரியாதை.

கடைசி எபிசோடு வந்த வாரமும் அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட்தான். அன்று பார்த்து, சைக்கிள் பழகுகிறேன் என்று நான் விழுந்து முகவாயைக் கிழித்துக்கொண்டேன். தொடர் ஓடிய நேரத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அப்பா என் கட்டைப் பார்த்து "வலிக்குதா?" என்றார். அடுத்த மூச்சிலேயே அம்மாவிடம், "அவன் வந்தானா இல்லியா?" என்றார். ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கதை ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அம்மா கையில் கரண்டியோடு கொஞ்சம் நின்றாள். "வந்துட்டான்" என்றாள். அப்புறம் தடையே இல்லை. அவன் மழையில் நனைந்துகொண்டு வந்தது, அவள் துண்டு எடுத்து நீட்டியது, அவன் முதல் வார்த்தையாகப் பசிக்குது என்றது எல்லாம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்து உண்மையான முடிவைச் சொன்னாள். அவன் வரவே இல்லையாம். அதற்குள் பஸ் போய்விட்டது.

பஸ்ஸில் பெரிய சண்டை. அவன் வரவில்லை என்று சொன்னவர்களை எல்லாம், "உங்க வூட்ல அடுப்படில இருந்துகினு அரைகொறையா பாத்திருப்பாங்க" என்று அப்பா அடக்கியிருக்கிறார். அவர் பக்கம் நின்றது ஒரே ஒருவர். காடாம்புலியூரிலிருந்து வேலைக்கு வந்து போனவர். அப்போது அவர் வீட்டில் டிவி கிடையாது. எங்கள் அம்மா சொன்னதுதான் அவருக்குத் தொடர்.

இத்தனை வருடம் கழித்து அந்த முடிவு டிவியில் வரப்போகிறது என்றதும் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "எனக்காக ஒரு பஸ்ஸோடயே சண்ட போட்டாரு டி. பொய்னு தெரிஞ்சா அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று அடுப்படியில் என்னிடம் புலம்பினாள். அந்தத் தொடர் வரிசையிலேயே வரக்கூடாது என்று சாமிக்கு வேண்டிக்கொண்டாள். இரண்டாம் இடத்துக்கும் வேறொன்று வந்தபோது, "ஒருவேளை உன் தொடரைச் சேர்க்கவே இல்லையோ என்னவோ" என்றேன். வந்ததே கோபம்! "அது எப்படி சேக்காம இருப்பாங்க? அத மிஞ்சி ஒண்ணு உண்டா?"

முதலிடம் அதற்கேதான்.

கடைசிக் காட்சியைப் போட்டார்கள். மனைவி தெருவை ஒரு முறை பார்த்தாள். விளக்கை அணைத்தாள். கதவைச் சாத்தினாள். முறுக்குத் தட்டோடு அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாது, கதவ சாத்துறா? அவன் வரணுமே!" என்றார் அப்பா.

அப்போது அவர் போன் அடித்தது. காது கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"அண்ணே, பாத்தீங்களா? கடைசில வெட்டிட்டானுங்க! மழைல அவன் வர்றதையே காணோம்!" காடாம்புலியூர்க்காரர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"வெளம்பரம் போடணும்ல, அதான் வெட்டிட்டானுங்க" என்று அப்பாவும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் சேனலைக் காய்ச்சி எடுத்தார்கள். நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அம்மா பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அவளால் முடியவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"யாரும் வெட்டலீங்க. அன்னிக்கு நான் பாக்கவே இல்ல. இவளத் தூக்கிகினு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். காலைல நீங்க வந்தானான்னு கேட்டீங்க. நீங்க மத்தியானம் மைன்ஸுக்குப் போவணும். வரலன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் நடக்காத காரியம் அது.

"நீ சொன்னதுதான் சரி" என்றார். "எந்த ஷிப்டுக்குப் போனாலும் நான் வூட்டுக்கு வந்தேனா இல்லியா?"

அம்மா முறுக்குத் தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். போனை அணைக்க அப்பா மறந்திருந்தார்.

"நானுந்தான் வூட்டுக்கு வந்துட்டேன், அண்ணி" என்றது காடாம்புலியூர்க் குரல்.