பருத்திப்பட்டுப் பாஸ்காவில் விழுந்த அடி

இன்று ஹார்டுவேர் கடையில் நனைந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாடை மூக்கில் ஏறியதுமே, பருத்திப்பட்டுக் கோயில் மைதானத்தில், பெரிய வெள்ளி சாயங்காலம், தகரக் கவசத்தோடு நான் சிப்பாயாக நின்ற, இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. எப்போதும் சிவப்புச் சாயத்தில் தோய்த்த கம்பளி நூல்தான் எங்களுக்குச் சவுக்கு. அந்த வருஷம், இயேசு வேஷம் தனக்குக் கிடைக்காத ஆத்திரத்தில், இன்னொரு சிப்பாயான ராபர்ட் ஈரக் கயிற்றை முறுக்கிக்கொண்டு வந்திருந்தான். அவன் அடித்த அடியில், இயேசுவாக நின்ற சார்லஸின் முதுகு பிளந்து நிஜ ரத்தம் வழிய வழிய, ஜனங்கள் "இன்னா நடிப்புடா!" என்று அழுதார்கள், இயேசு எதிர்த்துப் பேசக் கூடாதே என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், நான் பயந்துபோய் மரமாக நின்றேன்.

திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுத்த ஸ்டெல்லா, அப்போது பத்தாவது படித்தவள், நோட்டுப்புத்தகத்தோடு மேடையேறிக் குறுக்கே நின்றாள். அடுத்த அடி அவள் கையைக் கிழித்தது.

"ராபர்ட்டண்ணா, கயித்தக் கீழ போடு. இன்னொண்ணு அடிச்சே, இது நெஜ ரத்தம்னு மைக்குல சொல்லிடுவேன்."

போட்டுவிட்டான்.

ரத்தக் கையோடு என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா பாத்துகினு கீற? சார்லஸால முடியாது. சிலுவைய நீ தூக்கு."

நாடகத்தில் சிப்பாய் சிலுவையைத் தூக்குவதில்லை. தூக்கினேன்.