வக்கீல் கிளம்ப நல்ல மாதம் எது?

எல்லாவற்றுக்கும் காலக்கெடு வைத்திருக்கும் தொழில் எங்களுடையது. ஆனால் ஒரு வக்கீல் வேலை மாற உகந்த காலம் எது என்பதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலண்டரைப் புரட்டும் சக வக்கீல்களே, உங்களுக்காகத்தான் இது.

கோட்டோடு போன மே மாதம்

மும்பையில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேல் ஒப்பந்தங்கள் எழுதினேன். கோர்ட்டில் ஒருமுறைகூட எழுந்து பேசாமலே ஐம்பது வந்துவிடுமோ என்று பயம் பிடித்தபோது, சொந்த ஊரான காஞ்சிபுரத்துக்கே வந்து தொழிலைத் தொடங்குவது என்று முடிவு செய்தேன். கம்பெனி வக்கீல்கள் வேலையை விட ஒரு பருவம் உண்டு: மார்ச்சில் கணக்கு முடிந்து, ஏப்ரலில் போனஸ் கைக்கு வந்த பிறகு. நானும் முறை தவறாமல் அப்போது கிளம்பி, மே மாதத்து முதல் திங்கள்கிழமை புதுக் கருப்புக் கோட்டோடு கோர்ட்டு வாசலில் போய் நின்றேன்.

கேட் சாத்தியிருந்தது. மே முழுவதும் கோடை விடுமுறை என்பது சட்டம் படித்த எனக்கு எப்படியோ மறந்துபோயிருந்தது. வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கோர்ட்டு ஜூன்லதான் சார் தொறப்பாங்க. வைகாசி கருட சேவைக்கே இன்னும் நாள் இருக்குது, அதுக்குள்ள நீங்க வந்து நின்னுக்கினு இருக்கீங்களே!”

ஆடி

ஜூனில் வக்கீல் வனஜாவின் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்ந்தேன். அவருக்கு முப்பத்தைந்து வயது. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். சீனியர் யார் என்று புரியாமல் கட்சிக்காரர்கள் இருவரையும் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போடுவார்கள். அவர் கணவருக்குச் சென்னையில் வேலை. ஐந்து வயது மகளும் அங்கேதான். வனஜா வாரம் முழுவதும் இங்கே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே.

ஜூலையில் அவருக்குச் சென்னையில் ஒரு கம்பெனி வேலை கிடைத்தது. அதில் சேர்ந்தால் கோட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும், ஆனால் தினமும் மகளோடு இருக்கலாம். எங்கள் குமாஸ்தா ரங்கநாதன் பஞ்சாங்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வனஜா சிரித்தார். சிரித்துவிட்டு, ஒரு மாதம் தள்ளி வருவதாகக் கம்பெனிக்குப் போன் செய்தார். “ஆடியில புதுத் தறியே பூட்ட மாட்டான்மா, நீ போயி புது ஆபீஸ்ல உக்காருவியா?” என்பது ரங்கநாதனின் வாதம்.

பாதியில் நின்ற சாட்சி

ஆவணியில் கன்னியம்மாவின் வழக்கு விசாரணைக்கு வந்தது. பக்கத்துத் தாமல் கிராமத்தில் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைப்பவர். கணவர் இறந்த கையோடு கொழுந்தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, இவருக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லிவிட்டான். கூண்டில் ஏறிய கன்னியம்மா, எதிர்த்தரப்பு வக்கீலின் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் வனஜாவைப் பார்ப்பார், பிறகுதான் பதில் சொல்வார். வனஜா கண் இமைக்கக்கூட மாட்டார். இருந்தாலும் எதிர் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி, “என்னைப் பார்த்துப் பேசுங்கம்மா” என்றார்.

குறுக்கு விசாரணை பாதியில் இருக்கும்போதே கோர்ட்டு நேரம் முடிந்தது, வாய்தா போட்டார்கள். அந்த வாய்தாவுக்கு எதிர் வக்கீலுக்குக் காய்ச்சல், அதற்கடுத்து பூஜை விடுமுறை, பிறகு தீபாவளி. சாட்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வனஜாவுக்கு மனம் வரவில்லை; கம்பெனியிடம் மறுபடி மறுபடி தவணை கேட்டார். போகவும் முடியாதபடி ஒன்றை, அன்று கூண்டில் நின்றபடியே நீதிபதியிடம் கன்னியம்மா சொல்லியிருந்தார்: “அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தாத்தான் அய்யா, எனக்குப் பயமில்லாம நெசம் வருது.”

திங்கள்கிழமை காலை

கார்த்திகையில் ஒரு திங்கள்கிழமை, வனஜா சென்னையிலிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் அன்றைய வழக்குக் கட்டுகளைப் பிரித்தார். அவரே சொன்னார், கட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். காலையில் மகள் வாசல்வரை வந்து வழியனுப்பினாளாம். விருந்தாளிகளுக்குச் சொல்வதுபோல், கையைக் கூப்பி, மரியாதையாகச் சொன்னாளாம்.

ரங்கநாதன் டீ வாங்கப் போனார். குழந்தை சொன்னது இதுதான்: “அடுத்த வாரமும் எங்க வீட்டுக்கு வாங்கம்மா.”

ரங்கநாதனின் மார்கழி

ஜனவரி ஒன்றாம் தேதிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. ஜனவரி ஒன்று மார்கழியில் வருகிறது. மார்கழியில் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள் என்பது மும்பையில் பாதி ஆயுளைக் கழித்த எனக்கே தெரியும். பஞ்சாங்கம் எப்போது வெளியே வரும் என்று காத்திருந்தேன். ரங்கநாதன் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்: “மார்கழிக்கு என்னாம்மா கொறச்சல்? பெருமாளையே எழுப்பி வுடுற மாசம். நீ கெளம்பு.”

ஆட்சேபணை இல்லை

கன்னியம்மாவின் வழக்குக்கு அடுத்த வாய்தா பொங்கலுக்குப் பிறகுதான். நடுவில் வக்கீல் மாறினால் புது வக்காலத்துப் படிவத்தில் பழைய வக்கீல் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் பெயருக்கு எழுதிய வக்காலத்தில் வனஜா அதை எழுதிவிட்டு, பேனாவை மூடாமலே உட்கார்ந்திருந்தார். எதிரே கன்னியம்மா. மகளைப் பற்றி ரங்கநாதன் அவருக்கு ஏற்கனவே சொல்லியிருக்க வேண்டும்.

“என்னாம்மா எழுதின?” என்று கேட்டார். வனஜா விளக்கினார். உங்களைப் பாதியில் விட்டுப் போகிறேனே என்று தொடங்கினார். கன்னியம்மா கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார். “நீ எழுதிட்ட, சரி. எனக்கும் ஆட்சேபணை இல்லன்னு எங்க எழுதணும், அதக் காட்டு கண்ணு. போயி புள்ளையோட இரு.”

தை

என் வாழ்க்கையின் முதல் விசாரணை. கன்னியம்மா கூண்டில், நான் கீழே. எதிர் வக்கீலின் எந்தக் கேள்வியும் அவரை அசைக்கவில்லை. எழுந்து ஆட்சேபிக்க வேண்டிய ஒரே இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது எனக்குத்தான்.

வெளியே வந்ததும் கன்னியம்மா, வனஜாவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். வனஜா அப்போது சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார். “பயந்தீங்களாம்மா?” என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. கன்னியம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி பதில் சொன்னார்: “எனக்கென்னா பயம்? அண்ணன்தான் நடுங்கிக்கினு இருந்தாரு. அவரு மூஞ்சியப் பாத்தா சிரிப்பு வந்துடும்னு ஜட்ஜய்யாவையே பாத்துச் சொல்லி முடிச்சிட்டேன்.”

ஆக, வக்கீல் வேலை மாற உகந்த மாதம் எது என்று இப்போது யாராவது கேட்டால், கட்சிக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வாய்தா வாங்கிக்கொள்கிறேன்.