கிழங்கு டவுனில் பஞ்சவர்ணம் அக்கா

“உங்க ஆட்கள் இந்தியாதானே, அக்கே?” என்று பியசேன மாத்தையா சிங்களத்தில் கேட்டார்.

“ஆமாங்க மாத்தையா, இந்தியாதான்.” பஞ்சவர்ணம் அக்காவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். விரல்களில் காய்ந்திருந்த ரப்பர் பாலை உரித்து, சின்ன உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தார். மலையிலிருந்து இறங்கியதும் அவர் செய்கிற முதல் வேலை அதுதான். முகம் கழுவுவதெல்லாம் பிறகு.

“எந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கந்தான்.” அவர் கையைக் காட்டிய திசையில் எங்கள் பக்கத்து டவுன் மாவனெல்லைதான் இருக்கிறது.

“சரி. அப்போ நமக்குப் பாஷைப் பிரச்சினை இல்லை.”

“பாஷையில என்னங்க மாத்தையா பிரச்சினை?” என்றார் அக்கா. உருண்டையைச் சுண்டி வாசலுக்கு வெளியே எறிந்தார்.

மாத்தையா திருப்தியாகக் குடையை விரித்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர் லயத்துப் படிகளில் இறங்கிப் போனார். அவர் வளைவில் மறைந்ததும் நான் மெதுவாகக் கேட்டேன்: “அக்கா, புத்தகயாவுல ஹிந்தியில பேசுவாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமான்னு அவரு கேக்கலியே புள்ள.”

பஞ்சவர்ணம் அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கேகாலைக்கும் ரம்புக்கனைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. உயரம் குறைவு, குரல் அதிகம். கொழும்பையும் கதிர்காமத்தையும் தவிர வேறு ஊர் பார்த்ததில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்று போட்டிருக்கிறது. அதை அவர் ஒரு பட்டம் மாதிரி வைத்திருந்தார். சுற்றுவட்டாரச் சிங்கள வீடுகளில் பிக்குகளுக்கு உணவளிக்கும் தானம், கல்யாணம் என்றால் பொலஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி சமைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கையால் அகப்பையைச் சுழற்றிக்கொண்டே இன்னொரு கையால் வீட்டுக்காரரை அடுப்படியிலிருந்து விரட்டுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பியசேன மாத்தையா ஓய்வுபெற்ற தபால் அதிபர். தன் கிராமத்து விகாரையிலிருந்து முப்பது நாற்பது பேரைச் சேர்த்து, முதல் தடவையாகப் புத்தகயா யாத்திரை கிளம்பினார். சமையலுக்கும் பாஷைக்கும் பஞ்சவர்ணம் அக்கா. வயதானவர்களின் பிரஷர், சீனி மாத்திரைகளைப் பார்த்துக்கொள்ள கேகாலையில் பாமசியில் வேலை செய்யும் நான். இந்த யாத்திரை ஒழுங்காக முடிந்தால் வருடா வருடம் அக்காதான் சமையல், விகாரை மடைப்பள்ளியிலும் நிரந்தர வேலை என்று மாத்தையா வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு நாள் தானம் பிசகினாலும் அதோடு சரி என்றும் சொல்லியிருந்தார். ரப்பர் மலை ஏறி அக்காவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. அந்த மலைக்கு மறுபடியும் போகக்கூடாது என்பதுதான் அவருடைய வேண்டுதல். புத்தருக்கும் மாரியம்மனுக்கும் சேர்த்தே வைத்திருந்தார்.

சென்னையில் எல்லாம் அவருக்குச் சாதகமாக நடந்தது. ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர் அதிகமாகக் கேட்டார். அக்கா இடுப்பில் கை வைத்து, “என்னாய்யா, ஊருக்குப் புதுசுன்னு பாக்குறியா?” என்று ஆரம்பித்தார். அந்த மனிதரும் விடவில்லை. இருவரும் மூச்சு வாங்கச் சண்டை போட்டு, கடைசியில் அவர், “சரிக்கா, வுடுக்கா” என்று சிரித்தபடி பெட்டியைத் தூக்கினார். எங்களோடு வந்த, வெள்ளை உடுத்திய அம்மாமார் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இந்தியா முழுவதும் அக்காவின் பாஷைதான் என்பது அந்தப் பிளாட்பாரத்திலேயே நிரூபணமாகிவிட்டது. சிங்களம் தெரிந்த வழிகாட்டி ஒருவரை மாத்தையா வடக்கில் ஏற்பாடு செய்திருந்தார். அன்றைக்கே போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ரயில் வடக்கே போகப் போகத் தமிழ் தேய்ந்து, ஒரு காலையில் முற்றாக இல்லாமல் போனது. அக்கா அசரவில்லை. தேநீர்க்காரர் ஹிந்தியில் ஏதோ சொல்வார். அக்கா தமிழில் பதில் சொல்வார். பிறகு திரும்பி, “பால் இன்னிக்கு காலையில கறந்ததாம்” என்று சிங்களத்தில் மொழிபெயர்ப்பார். பொலிஸ்காரர் ஒருவர் கையை வீசிக் கத்தினார். “வெயில்ல நிக்காதீங்கன்னு அக்கறையா சொல்றாரு” என்றார். என் போனில் மொழிபெயர்க்கிற ஆப் இருந்தது. அக்காவின் முன்னால் அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

கயாவில் வாடகைக்கு எடுத்த பஸ், இரண்டு புனிதத் தலங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் நின்றுபோனது. பெயர்ப்பலகை ஹிந்தியில் மட்டும் இருந்ததால் அந்த ஊரின் பெயர் எனக்கு இன்றும் தெரியாது. அக்கா அதற்குக் கிழங்கு டவுன் என்று பெயர் வைத்தார். எங்கு பார்த்தாலும் உருளைக்கிழங்கு. கடுகு பூத்த மஞ்சள் வயல்களுக்கு நடுவில் ஒற்றைக் கடைத்தெரு. அதன் முடிவில் ஜன்னலே இல்லாத பெரிய கட்டடம், கிழங்கைக் குளிரில் வைத்துப் பாதுகாக்கிற களஞ்சியம். எங்கள் பஸ் அதன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சாரதி உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எங்களோடு வந்த பிக்கு ஹாமுதுருவும், சில் என்கிற விரதம் எடுத்தவர்களும் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடமாட்டார்கள். மாத்தையா வானத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காஸ் சிலிண்டர் முதல் நாளே தீர்ந்திருந்தது. பருப்புக்குப் போடத் தேங்காயும் இல்லை.

“நான் கேட்டு வாங்கிட்டு வாறேன்” என்று அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினார். தேநீர்க் கடையில் நின்றவர்களிடம் நல்ல தமிழில் தேங்காய் கேட்டார். அவர்கள் விழித்தார்கள். இரண்டு கைகளையும் உருண்டையாகப் பிடித்துத் தலை உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். பிறகு அந்த உருண்டையைச் சுரண்டுவதுபோலக் கையைச் சுழற்றினார். அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒருவர் ஓடிப்போய் நாவிதரை அழைத்து வந்தார்.

நாற்காலியும் கண்ணாடியும் கத்தியுமாக வந்து நின்ற நாவிதரை மாத்தையா மேலும் கீழும் பார்த்தார். “இவர் எதற்கு?”

“தானத்துக்கு முந்தி சுத்தமாகணும்ல? நான்தான் வரச்சொன்னேன்.”

ஹாமுதுருவுக்குத் தலை மழிக்கும் நாள் வந்திருந்ததாம். மனம் குளிர்ந்துபோய் முதல் ஆளாக உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஆண்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் வரிசையில் நின்றார்கள்; மாத்தையா கடைசி ஆள்.

அடுத்தது விறகு. அக்கா குனிந்து உட்கார்ந்து, ஊதுகுழலை வாயில் வைத்து அடுப்பை ஊதுகிற மாதிரிக் கன்னம் உப்பக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கல்யாண பாண்டு வாசிக்கிற ஒரு மனிதர், சிவப்புக் கோட்டுக்குப் பொத்தானைப் போட்டபடி டிரம்பெட்டுடன் வந்து சேர்ந்தார். அக்கா ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார்: “ஹேவிசிக்கு ஆள் வந்தாச்சு.”

தானத்துக்கு முன்னால் மேளமும் ஊதலும் ஒலிப்பது எங்கள் பக்கத்து விகாரைகளில் வழக்கம். இந்த நாட்டில் அதற்கும் ஏற்பாடு இருக்கிறதே என்று அம்மாமார் கண்கலங்கினார்கள். டிரம்பெட்காரர் கல்யாணப் பாட்டொன்றை ஆரம்பித்தார். எல்லோரும் கை கூப்பினார்கள்.

விறகு மட்டும் வரவில்லை. கடைசியில் அக்கா ஒரு வீட்டுச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த வரட்டிகளைத் தானே உரிக்கத் தொடங்கினார். முக்காடு போட்ட பெண்ணொருத்தி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அக்காவின் கைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காய்ந்தவை எவை என்று காட்டிக் கொடுத்தாள். ஒரு செம்பு எருமைப்பாலும் கொண்டுவந்தாள். தேங்காய்ப்பாலுக்குப் பதிலாக அது பருப்புக்குள் போனது. இருவரும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாஷையில் ஓயாமல் பேசியபடி கிழங்கு உரித்தார்கள்.

பருப்பு கொதிக்கும்போதுதான் களஞ்சியத்து முதலாளி வந்தார். எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கிழங்கு மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் கடைத்தெரு முழுக்க வரிசை கட்டி நின்றன. வெயில் ஏறினால் கிழங்கு கெட்டுவிடும். அவர் மோட்டார்சைக்கிளிலிருந்து இறங்காமலே கத்தத் தொடங்கினார்.

மாத்தையா பாதி மழித்த தாடையோடு எழுந்து வந்தார். “என்ன சொல்கிறார்?”

அக்கா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. “ஊர்ப் பெரியவராம். நம்மள வரவேற்கிறாரு.”

“சாது! சாது!” என்று பௌத்த முறைப்படி ஆமோதித்தார்கள் பஸ்ஸிலிருந்தவர்கள்.

முதலாளி ஒரு வினாடி திகைத்தார். பிறகு இன்னும் உரக்கக் கத்தினார்.

“நம்ம கால் பட்டதுல ஊருக்கே புண்ணியமாம்.”

“சாது! சாது! சாது!”

அவர் கழுத்து மப்ளரை உருவித் தரையில் அடித்தார். “மரியாதைக்கு விரிக்கிறாரு” என்றார் அக்கா. இரண்டு அம்மாமார் இறங்கி வந்து, அந்த மப்ளரின் மேல் கொக்கிஸ் பலகாரமும் வாழைப்பழமும் வைத்து முதலாளியைக் கும்பிட்டார்கள். மாத்தையா முழு உடம்பையும் வளைத்து வணங்கினார். டிரம்பெட்காரர் சந்தர்ப்பம் அறிந்து இரண்டாவது பாட்டுக்குத் தாவினார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மூட்டை நிறுக்கிற ஆள் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். சாயம் போன பனியன். அக்காவின் அருகில் வந்து தணிந்த குரலில் தமிழ் பேசினார்.

“அக்கா, இவரு திட்டுது. பஸ்ஸை எடுக்கலேன்னா டிராக்டர் வெச்சு இழுத்து வயல்ல தள்ளிடுவேன்னு சொல்லுது. நீங்க எல்லாரும் எதுக்குக் கும்பிடுது?”

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருடம் வேலை செய்தவராம். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு இதில் எந்த ஆச்சரியமும் இல்லை. இந்தியாவில் இன்னொரு இந்தியர் இந்தியா பாஷை பேசுகிறார், அவ்வளவுதான். பஞ்சவர்ணம் அக்காதான் பேய் அறைந்ததுபோல் நின்றார்.

“இவர் என்ன சொல்கிறார், அக்கே?” என்று மாத்தையா கேட்டார்.

பயணம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, மொழிபெயர்க்க வேண்டிய வார்த்தைகள் அக்காவுக்கு உண்மையிலேயே புரிந்திருந்தன. அகப்பையிலிருந்து பருப்பு சொட்டியது. அவர் பருப்பையும் டிராக்டர்களையும் ஹாமுதுருவின் புதுத் தலையையும் பார்த்தார்.

“டிராக்டர் கட்டி, பஸ்ஸ ஊர்வலமா இழுத்துட்டுப் போவாங்களாம்” என்றார் சிங்களத்தில்.

“சாது! சாது! சாது!”

பிறகு அந்த மனிதரிடம் திரும்பி, தமிழில் மளமளவென்று சொன்னார்: “இழுக்கச் சொல்லு தம்பி. வயலு வேணாம், அந்தா அந்த வேப்பமரத்தடியில விடச் சொல்லு. பருப்பு எறங்கினதும் அந்த ஐயாவுக்குத்தான் மொத தட்டுன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”

“நீங்க யாருன்னு கேட்டா?”

“இந்தியாக்காரின்னு சொல்லு.”

பஸ் டிரம்பெட் ஒலியோடு கடைத்தெருவில் ஊர்ந்தது. உள்ளே அம்மாமார் ஜன்னல் வழியாகப் பூத் தூவினார்கள். டிராக்டர் ஓட்டியவர் திரும்பித் திரும்பிப் பார்த்து, நிலைமை புரியாமல் கடைசியில் தானும் கை கூப்பிவிட்டார். வாசல் திறந்ததும் முதலாளியின் கோபமும் இறங்கியது. சூரியன் உச்சிக்கு வருவதற்குள் ஹாமுதுருவின் பாத்திரத்தில் சோறும் எருமைப்பால் பருப்பும் விழுந்தன. முதலாளி மப்ளரை உதறிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, இரண்டாம் தட்டும் கேட்டார்.

சாப்பிட்ட பிறகு திருப்பூர்க்காரர் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தமிழ்நாட்டுல எந்த ஊரு அக்கா?”

“சிலோன். அங்க எங்களுக்குத்தான் இந்தியாக்காரங்கன்னு பேரு.”

அவர் விரலை நக்கியபடி சிரித்தார். “திருப்பூர்ல நான் இந்திக்காரன் அக்கா. இங்க நான் மூணு வேளையும் சோறு திங்குதுன்னு என்னை மதராசின்னு கூப்பிடுது.”

இருவரும் இன்னொரு பிடி சோறு போட்டுக்கொண்டார்கள். புறப்படும்போது முக்காட்டுப் பெண் ஒரு மூட்டைக் கிழங்கை பஸ்ஸில் ஏற்றினாள். லும்பினி வரைக்கும் நாங்கள் அதைத்தான் சாப்பிட்டோம்.

அக்கா இப்போது விகாரை மடைப்பள்ளியில் இருக்கிறார். மலைக்குப் போவதில்லை. சித்திரை முடிந்து ஒரு நாள் முழங்காலுக்குத் தைலம் வாங்கப் பாமசிக்கு வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றினார்.

“அடுத்த தடவை தாய்லாந்தாம். அந்தப் பாஷையும் வருமான்னு மாத்தையா கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“எங்கப்பாவோட சித்தப்பா ஒருத்தரு அந்தப் பக்கம் ரயில் ரோட்டு போடப் போனாருன்னு சொன்னேன்.”

“உண்மையாவா அக்கா?”

“எவனாச்சும் போயிருப்பான்.” தைலப் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். “நீயும் வரணும் புள்ள. மாத்திரைக்கு ஆளு வேணும்ல. ஆனா ஒண்ணு.”

“சொல்லுங்க.”

“பஸ்ஸுல சன்னலோரமா உக்காந்துக்க. நான் பேச ஆரம்பிச்சா நீ வெளிய பாத்துக்க. ஒன் மொகத்தப் பாத்தா எனக்கு எல்லாப் பாஷையும் மறந்து போவுது.”